நூஹு காக்காவின் கிணறுகள்

கிணற்றுக்குள் இறங்குமுன் நூஹு காக்கா அதோடு ஒரு சண்டை பிடிப்பார். சாரனை மடித்துக் கட்டி, கிணற்றுக் கட்டில் கையூன்றிக் குனிந்து, "இண்டைக்கு நீயா நானா எண்டு பாப்பம்!" என்று உள்ளே கத்துவார். ஐம்பத்திரண்டு வயது. புயல் முறித்துப்போட்ட தென்னையின் அடிக்கட்டையில் கயிற்றைக் கட்டி, வாளியோடு இறங்கிவிடுவார். மேலே வரும்போது தாடியெல்லாம் சேறு.

எழுபத்தெட்டாம் ஆண்டு கார்த்திகைப் புயல் வரைக்கும் அவர் கல்முனைக்குடிக் கடற்கரையில் கருவாடு விற்றவர். அன்று கடல் வீட்டுக்குள் வந்தது. மனைவி றஹீமா அதில் மூழ்கி மவுத்தானார். கரையோரக் கிணறுகளிலெல்லாம் உப்புநீரும் மணலும் நிரம்பிக் கிடந்தன. மையித்தைக் குளிப்பாட்ட ஒரு வாளி நல்ல தண்ணீர் அகப்படவில்லை.

"உசிர எடுத்ததும் கடல் தண்ணி. குளிப்பாட்டினதும் கடல் தண்ணி." இதை மட்டும் என்னிடம் மெதுவாகச் சொல்வார்.

அவருக்காக ஏழாம் நாள் கத்தம் ஓதி முடிந்த கையோடு வாளியை எடுத்தார். ஒரு வருடத்தில் பத்தொன்பது கிணறுகள். மணலை அள்ளி, உப்புப் போகும்வரை திரும்பத் திரும்ப இறைப்பார். கூலி கேட்பதில்லை, சோறு தந்தால் சாப்பிடுவார்.

சல்மா உம்மா என்ற விதவையின் கிணற்றை இறைத்துக்கொண்டிருந்தபோது, பாண்டிருப்பிலிருந்து விஞ்ஞானம் படிப்பிக்க வரும் புண்ணியமூர்த்தி மாஸ்டர் அங்கே வந்தார். பழைய சிநேகிதர். அவர் வீட்டுக் கூரையும் அதே புயலில் போனதுதான்.

"நட்சத்திரத்தில நிண்டு பாத்தா இந்தப் பூமியே தெரியாது, காக்கா. ஒரு தூசு. நாளைக்கு இன்னொரு புயல் வந்தா எல்லாக் கிணறும் தூந்திடும். என்னத்துக்கு இந்தப் பாடு?"

காக்கா வாளியைக் கீழே வைக்கவில்லை. "தெரியாட்டிப் போகட்டும். அங்க நிக்கிறவனுக்கா நான் இறைக்கிறன்? இந்தக் கிழவிக்குத் தாகமெடுத்தா அது தூசுட தாகமா, மாஸ்டர்? புயல் வந்தா வரட்டும். தூத்திட்டுப் போகட்டும். மறுகாவும் நான் இறங்குவன்!"

மாஸ்டர் சிரித்தார். பிறகு சட்டையைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு, வாளிக் கயிற்றை வாங்கிக்கொண்டார்.

ஆனால் அந்தக் கிணறு மட்டும் இன்னும் வழிக்கு வரவில்லை. நான் பார்க்கப் போன அன்று ஆறாவது தடவை இறைத்து முடித்திருந்தார்கள். புதிதாக ஊறிய தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி வாயில் விட்டார் காக்கா. குடத்தோடு காத்து நின்ற சல்மா உம்மா, "எப்பிடித் தம்பி?" என்று கேட்டார்.

காக்கா கடல் இருக்கும் பக்கம் திரும்பி, வாயிலிருந்த உப்பை அதை நோக்கிப் பலமாகத் துப்பினார். பிறகு கிணற்றுக்குள் கால் வைத்தார்.