கொக்கிக்கு மேலே கட்டில்

கர்மூஸ் பேட்டையில் ரவ்ஹிய்யாவைப் பயந்தாங்கொள்ளி என்று யாராவது சொன்னால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். கசாப்புக்கடை மர்ஸூக்கோடு முப்பத்தோரு வருடம் குப்பை கொட்டியவள் அவள். பக்ரீத் காலையில் கணுக்காலளவு ரத்தத்தில் நின்று வாளி வாளியாகத் தண்ணீர் அடித்துக் கழுவியவள். எடையில் சந்தேகம் கேட்டவனைத் தராசுத் தட்டோடு டிராம் பாதை வரை துரத்தியவள். அப்படிப்பட்டவளுக்கு அறுபத்திரண்டாவது வயதில், ஒரு புதன்கிழமை பதினோரு மணிக்கு, கட்டிலில் மல்லாந்து கிடக்கும்போது பயம் வந்தது. அதையும் அவள் தன் வாயாலேயே வரவழைத்துக்கொண்டாள்.

குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. உள்ளே கம்பி வைத்துத் தைத்திருந்தார்கள். தானாக எழுந்து கால் ஊன்றக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மகள் நஜாத் பள்ளிக்கூட வேலை முடிந்து இரண்டு மணிக்குத்தான் வருவாள். அதுவரை ரவ்ஹிய்யாவுக்கு ஜன்னலோரக் கட்டில், ஒரு கைத்தடி, ஒரு கைபேசி. உடம்புதான் மாடியில் கிடந்ததே தவிர, காது இரண்டும் தெருவில்தான் இருந்தன.

தெருவில் அன்று அதிய்யாவின் குரல் ஓங்கியிருந்தது. கீழே, மர்ஸூக்கின் பழைய கடையை எட்டு மாதமாக வாடகைக்கு எடுத்து மெக்கானிக் பட்டறை நடத்துகிறவன். நல்ல பையன். ரவ்ஹிய்யா விழுந்த அன்று அவளை நாற்காலியோடு தூக்கிப் படியிறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவன் அவன்தான். இப்போது போனைக் காதில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்குக் கீழே குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தான்.

“ஐநூத்தி இருபது கிலோன்னு உங்க ரசீதுலயே போட்டிருக்கேப்பா! கியர்பாக்ஸோட சேத்து! தெரு முனையோட சரின்னா, நான் என்ன தோள்ல போட்டுக்கிட்டா வர்றது?”

போர்ட் சயீதிலிருந்து லேண்ட் குரூசரின் டீசல் இன்ஜின் ஒன்று வந்து தெரு முனையில் நின்றுகொண்டிருந்தது. பெரிய லாரி டிராம் பாதையைத் தாண்டாது. முனையில் இருக்கும் சலவைக்கல் கிடங்கின் ஃபோர்க்லிஃப்டை வைத்து மினி லாரிக்கு மாற்றிவிடலாம். மினி லாரி பின்பக்கமாகவே வந்து கடைக்குள் பாதி நுழைந்துவிடும். அதற்குப் பிறகுதான் கஷ்டம். ஃபோர்க்லிஃப்ட் தெருவுக்குள் வந்தால் சாக்கடை மூடிகள் நொறுங்கும். கிரேன் வந்தால் தலைக்கு மேல் மின்கம்பி. பட்டறையில் இருந்த சக்கரம் வைத்த தூக்கு இயந்திரமோ சின்னக் காருக்கானது, இந்தப் பளுவில் அதுவே குப்புறக் கவிழும். கொண்டுவருவது மட்டும்தான் என் வேலை, இறக்குவது உன் பாடு என்று மினி லாரிக்கார ஷிஹாத்தா முன்கூட்டியே கைகழுவிவிட்டான்.

“சரி விடு, நாளைக்கு துறைமுகம் பக்கம் சிநேகிதன் பட்டறையில இறக்கிக்கறேன்” என்றான் அதிய்யா.

அதோடு விட்டிருந்தால் கதையே இல்லை. ரவ்ஹிய்யாவால் சும்மா இருக்க முடியவில்லை.

“டேய் அதிய்யா! கடைக்குள்ள தலைக்கு மேல கொக்கிய வச்சுக்கிட்டு ஊரெல்லாம் கிரேன் தேடுறியே! எங்க வீட்டுக்காரரு அறுநூறு கிலோ காளையத் தொங்கவிட்ட கொக்கிடா அது!”

எதிர்ச் சாயாக்கடை பய்யூமி உடனே எழுந்து நின்றுவிட்டார். “இந்த ரெண்டு கண்ணால பாத்திருக்கேன்! வருஷா வருஷம்! உன் இன்ஜின் என்ன பெரிய இன்ஜின்?”

“ஹஜ்ஜா, உன் வாய்க்குச் சர்க்கரைதான் போடணும்!” என்று அதிய்யா மேலே பார்த்துக் கும்பிடாத குறையாகச் சிரித்தான். அப்போதே ஷிஹாத்தாவைக் கூப்பிட்டு இன்ஜினை ஏற்றிக்கொண்டு வரச் சொன்னான்.

ரவ்ஹிய்யா பெருமையோடு தலையணையில் சாய்ந்தாள். கடையை அவனுக்கு விடும்போதும் இதையேதான் சொல்லியிருந்தாள். மர்ஸூக் உயிரோடு இருந்தவரை தெரு முழுக்கச் சொன்னதும் இதுதான். அவித்த மொச்சையில் ரொட்டியைத் தோய்த்து இரண்டு வாய் தின்றாள். மூன்றாவது வாய் இறங்கவில்லை.

கசாப்புக்காரன் எடை சொன்னால் உயிரோடு நிற்கும் மாட்டின் எடையைத்தான் சொல்வான். ஊரில் மதிப்பு அதற்குத்தான். அந்த அறுநூறில் ரத்தம் போக, தலை போக, தோலும் காலும் குடலும் போக, மிஞ்சுவது பாதியும் கொஞ்சமும். அதையும் மர்ஸூக் முதுகெலும்போடு கோடரியால் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைக் கொக்கியிலும் மறு பாதியைக் கடைவாசல் இரும்புக் குழாயிலும் மாட்டுவார். ஆக, கொக்கி தாங்கியது நூற்றறுபது, நூற்றெழுபது கிலோ. முழு மாட்டை அது ஒருநாளும் கண்டதில்லை. பிளந்த இடத்தை ஈரத்துணியால் துடைத்தவள் அவள்தானே, அவளுக்குத் தெரியாதா?

அது மட்டுமா? கொக்கியின் கம்பி கூரையைத் துளைத்து மாடிக்கு வந்திருந்தது. அதன் மறுமுனை, ஒரு தட்டளவு இரும்புத் தகடும் நட்டுமாக, இப்போது அவள் படுத்திருக்கும் கட்டிலுக்கு நேர் கீழே தரையில் இருந்தது. மர்ஸூக்கின் கடைசி பக்ரீதில், பாதி மாடு தொங்கும்போதே தகட்டைச் சுற்றித் தரை ஓடு விரிந்தது. மர்ஸூக் மேலே வந்து பார்த்தார், விரிசலில் சிமென்ட்டைப் பூசினார், கட்டிலை அதன்மேல் இழுத்துப் போட்டார். “வெளியில மூச்சு விடாதே, கடைப் பேரு கெட்டுரும்” என்றார். அடுத்த வருடம் போய்ச் சேர்ந்தார். அவள் தகட்டின்மேல் ஒரு பெட்டியை வைத்து மறைத்தாள். மறைத்ததை மெல்ல மறந்தும்போனாள்.

பாதி மாட்டுக்கே விரிந்த இடம்! இது அதைப்போல் மூன்று பங்கு.

கைபேசியை எடுத்து அதிய்யாவைக் கூப்பிட்டாள். மணி கீழேதான் அடித்தது, வேலை நேரத்தில் அவன் கழற்றி ஆணியில் மாட்டும் சட்டைக்குள்ளிருந்து. அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி கூப்பிட்டாள். அதற்குள் மினி லாரி உறுமிக்கொண்டு பின்பக்கமாகத் தெருவுக்குள் வந்துவிட்டது. “வா, வா, ஒடி, இன்னும் ஒடி” என்று பத்துக் குரல்கள். கைத்தடியால் தரையை ஓங்கி இடித்தாள்.

“ஆச்சு ஹஜ்ஜா! அஞ்சே நிமிஷம், சத்தத்தைப் பொறுத்துக்க!” என்றான் அதிய்யா கீழிருந்து.

கொக்கியில் மாட்டிய செயின் பிளாக் கடகடவென்று இழுபடும் சத்தம் கட்டிலின் கால் வழியாக அவள் முதுகுக்கு வந்தது. செத்துப்போன மனிதரைப் பொய்யர் என்று தெருவறியச் சொல்ல வேண்டும். தன்னையும் சேர்த்துத்தான். ஜன்னல் கம்பியைப் பிடித்துக் கத்தினாள்.

“அதிய்யா! நிறுத்து! அது முழு மாடு இல்லடா! பாதி! பாதி மாடுதான் தொங்கும்! நாங்க சொன்னது பொய்!”

செயின் நின்றது. அவளுக்கு மூச்சு வந்தது. ஆனால் பய்யூமி விடவில்லை.

“என்ன ஹஜ்ஜா, மண்ணுக்குள்ள போன மனுஷன் பேரை இப்படிக் கெடுக்கற? கொம்போட தொங்குச்சு! நான் பாத்தேன்!”

“வாலு கூட ஆடிச்சு!” என்றான் பக்கத்து முடிதிருத்துகிறவன்.

“தலைய வெட்டின மாட்டுக்குக் கொம்பு ஏதுடா, குருட்டுப் பசங்களா!”

கொல்லென்று சிரித்தார்கள். பார்க்காத மாட்டை ஒரு தெருவே பார்த்து வைத்திருந்தது. அவளும் மர்ஸூக்கும் சொல்லிச் சொல்லித் தொங்கவிட்ட மாடு அது, இனி அவளாலேயே இறக்க முடியாது.

“வலி மாத்திரை தலைக்கு ஏறிடுச்சு போல. பயப்படாதே ஹஜ்ஜா, நான் பாத்துக்கறேன்” என்று அதிய்யா பரிவாகத்தான் சொன்னான். செயின் மறுபடி கடகடத்தது. “தூக்கிருச்சு! வண்டிய எடு ஷிஹாத்தா!” மினி லாரி முன்னால் நகரும் சத்தம் கேட்டது. “டயரைக் கொண்டாங்க, அடியில போடறேன்.”

அடியில். அதிய்யா அதற்கு அடியில் மண்டியிடப்போகிறான்.

கட்டிலுக்குக் கீழே டிக் என்று ஒரு சத்தம். சின்னச் சத்தம்தான், முட்டை ஓடு உடைவதுபோல. பெட்டி தானாக அரை விரல் சரிந்தது. இதுவரை செத்தவர்களையும் சாகிறவற்றையும் எத்தனையோ பார்த்திருக்கிறாள், இப்படி உடம்பு பதறியதே இல்லை. யோசிக்காமல், தொண்டை கிழியக் கத்தினாள்.

“ஐயோ! விழுந்துட்டேன்! சாகறேனே! அதிய்யா, ஓடிவாடா!”

கையிலிருந்த டயர் தரையில் விழும் சத்தம். “ஹஜ்ஜா விழுந்துட்டா!” ஒருத்தர் பாக்கியில்லாமல் ஓடிவந்தார்கள். அதிய்யா, ஷிஹாத்தா, பய்யூமி, முடிதிருத்துகிறவன், இன்னும் யார் யாரோ. படிக்கட்டு அதிர்ந்தது. தப்பித்தான் என்று நினைத்த அதே நொடியில்தான் அவளுக்கு உறைத்தது: இத்தனை தடியன்களும் வந்து நிற்கப்போவது இந்தத் தரையின்மேல்.

“உள்ள வராதீங்க!”

கால்கள் நிற்கவில்லை. கதவு திறந்தது.

“வராதீங்கடா! மேல ஒட்டுத்துணி இல்லாம கிடக்கேன்!”

வாசற்படியில் கால் வைத்த அதிய்யா சுட்டதுபோல் பின்னால் துள்ளி, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். பின்னால் வந்தவர்கள் அவன் முதுகில் மோதினார்கள். எல்லாரும் நடையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். “யாராவது பொம்பளையக் கூப்பிடுங்க” என்று பய்யூமி சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அந்தப் பேச்சு முடியவில்லை, தரை உள்ளே போயிற்று. கட்டிலுக்கு அடியில் தகடும் நட்டும் பெட்டியும் ஒன்றாக மறைந்தன. கீழே இடி விழுந்ததுபோல் ஒரு சத்தம், பிறகு கண்ணாடிகள் சிதறும் சத்தம். கட்டிலின் ஒரு கால் ஓட்டைக்குள் இறங்கியது. ரவ்ஹிய்யா சரிந்து, இரண்டு கையாலும் ஜன்னல் கம்பியைப் பற்றிக்கொண்டாள். தூசி அடங்கியதும் கட்டில் விளிம்பு வழியாகக் கடையின் தரை தெரிந்தது. இன்ஜின் பக்கவாட்டில் கிடந்தது. அதிய்யா வரிசையாகப் போட்டிருந்த டயர்களில் ஒன்று அதற்கு அடியில் அப்பளமாகியிருந்தது.

நடையிலிருந்து அதிய்யாவின் குரல் வந்தது. அவன் இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஹஜ்ஜா... போத்திக்கிட்டியா?”

“காலையிலேர்ந்து போத்திக்கிட்டுத்தான் கிடக்கேன்.”

“விழலையா?”

“விழல.”

“அப்ப ஏன் அப்படிக் கத்தின?”

“நெசத்தைச் சொன்னேன். நீ வரல.”

அவன் திரும்பிப் பார்த்தான். சாய்ந்த கட்டிலையும் ஓட்டையையும் அதன் வழியே தெரிந்த தன் பட்டறையையும் பார்த்தான். பிறகு மற்றவர்களை வெளியிலேயே நிறுத்திவிட்டு, சுவரை ஒட்டி வயிற்றால் ஊர்ந்து கட்டில்வரை வந்தான். அவள் கம்பியை விடவில்லை. விடு ஹஜ்ஜா, விடு, நான் பிடிச்சிருக்கேன் என்று சொல்லிப் பார்த்தான். அவளுக்கும் விடத்தான் ஆசை, கை கேட்கவில்லை. கடைசியில் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தான் அதிய்யா.