எல்லாச் சப்பாத்தும் வசதிதான்

காலை ஐந்தே முக்கால் மணிக்குக் கொழும்பை ஒட்டிய வத்தளையிலிருந்து கிளம்பினோம். சவரிமுத்து அண்ணனின் காரில் இரண்டு பேர்தான் உட்காரலாம். கூரையைப் பின்னால் மடித்துவிடலாம். இருக்கை எவ்வளவு தாழ்வு என்றால், உள்ளே ஏறுவது என்பதைவிட இறங்குவது என்றுதான் சொல்ல வேண்டும். என் பை டிக்கியில் நுழையவில்லை. அங்கே ஏற்கெனவே இரண்டு ஜோடி ஷூ இருந்தன. மூன்றாவது அவர் காலில். பையை மடியில் வைத்துக்கொண்டேன்.

நான் திருச்சிக்காரன். கத்தாரில் வேலை பார்த்தபோது சவரிமுத்து அண்ணனும் நானும் பல வருடம் ஒரே அறையில் இருந்தோம். முதல் நாள் அவர் பேசியதைக் கேட்டு மணப்பாறைப் பக்கம் என்றே நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, இலங்கையில் வட்டகொடைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர் என்று. கம்பெனி பஸ் ஓட்டினார். இரும்பு முனை வைத்த கனமான பூட்ஸ் போட்டுத்தான் ஓட்ட வேண்டும் என்பது அங்கே சட்டம். வேலையை விட்டு வந்ததும் அவர் வாங்கிய முதல் பொருள் இந்தப் பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். ஐம்பத்து நான்கு வயதில், முதன்முதலாகச் சொந்த வண்டி.

“மேரி அக்காவை உக்கார வச்சு நுவரெலியாவுக்கு ஒரு ரவுண்டு. அவ்வளவுதான் தம்பி ஆசை,” என்று போனில் சொல்லியிருந்தார். மேரி அக்கா அவருடன் பிறந்த மூத்தவர். கொழுந்து பறித்து இவரைப் படிக்க வைத்தவர். “நீங்களும் வாங்க, எங்க மலையைப் பாத்துட்டுப் போங்க.” மாசி மாதம் லீவு போட்டுக்கொண்டு போயிருந்தேன்.

அவிசாவளை தாண்டும்வரை அவர் பேசியதெல்லாம் ஷூவைப் பற்றித்தான். இலங்கையில் அதைச் சப்பாத்து என்கிறார்கள். “இந்தக் காருக்கு பிரேக்கும் எக்ஸிலேட்டரும் ரொம்ப கிட்ட கிட்ட. அகலமான சப்பாத்து ஆகாது. அடி மெல்லிசா இருக்கணும். குதி உருண்டையா இருந்தா காலைத் திருப்ப லேசு. லேஸ் நீளமா தொங்கினா பெடல்ல மாட்டும். செருப்பு போட்டு ஓட்டவே கூடாது.” பிறகு கொஞ்சம் தயங்கினார். “மூணு ஜோடி வாங்கிட்டேன். எதுவும் சரியா அமையல.”

“கடிக்குதா அண்ணே?”

“கடிக்கல. பெடலு எங்க இருக்குன்னு காலுக்குத் தெரிய மாட்டேங்குது.”

அந்த ஒரு வாக்கியத்திலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அடி தடிமனாக இருக்கும் என்று சொல்லிவிட்டு வெளியே பார்க்கத் தொடங்கினேன்.

எட்டு மணிக்குக் கித்துள்கலை. கொழும்பிலிருந்து ஏறத்தாழ தொண்ணூறு கிலோமீட்டர். கீழே களனி ஆறு பாறைகளுக்கு நடுவே ஓடுகிறது. வெள்ளைக்காரப் பிள்ளைகள் ரப்பர் படகை மண்டையில் சுமந்துகொண்டு ஆற்றுக்குப் போனார்கள். ஒரு கடையில் ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச் சம்பலும் சாப்பிட்டோம். பால் சேர்க்காத தேநீரை ‘பிளேன்டீ’ என்கிறார்கள். கோப்பை எழுபது ரூபாய். அண்ணன் சீனி இல்லாமல் கேட்டார். அங்கேயே காலில் இருந்ததைக் கழற்றிவிட்டு டிக்கியிலிருந்து மெல்லிய தோல் ஷூவை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

கினிகத்தேனைக்கு ஏறும் வழியில் வளைவுகள் நெருங்கி வருகின்றன. ரப்பர் மரங்கள் குறைந்து, காற்று குளிர்ந்து, முதல் தேயிலைச் சரிவு தெரியும் இடம். சிவனொளிபாத மலைக்குப் போகிற யாத்ரீகர்களின் வேன் ஒன்று எங்களுக்கு முன்னால் மெதுவாகப் போனது. பின் கண்ணாடியில் தென்னங்குருத்துத் தோரணம். வளைவில் அது நின்றது. அண்ணன் பிரேக்கை அழுத்தினார். கார் உறுமியது. அவர் கால் இரண்டு பெடலையும் சேர்த்து அழுத்திக்கொண்டிருந்தது. கைப்பிரேக்கை அவர் இழுத்த வேகத்தில் என் பை காலடியில் விழுந்தது. வேனின் பின் பம்பருக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளிகூட இல்லை. வேனின் பின்சீட்டில் வெள்ளை உடுப்புப் போட்ட ஒரு சிறு பெண் எங்களைப் பார்த்துக் கையசைத்தாள்.

“இந்தச் சப்பாத்தும் சரியில்ல,” என்றார் அண்ணன். அவர் நெற்றியெல்லாம் வேர்வை.

“ஹட்டன்ல நல்ல கடை இருக்குமா?” என்று கேட்டேன். நானும் ஷூவைத்தான் நினைத்தேன்.

பதினொரு மணிக்கு ஹட்டன். தோட்டங்களுக்குப் போகிற பஸ்களும் யாத்ரீகர் பஸ்களும் ஒரே தெருவில் முட்டிக்கொள்கின்றன. கம்பளிக் குல்லாய், டார்ச் லைட், கான்வாஸ் ஷூ என்று கடைகள் மலையடிவாரத்து நல்லதண்ணிக்குப் போகிறவர்களை நம்பி நிரம்பியிருந்தன. காய்கறிக்காரர் தமிழிலும் சிங்களத்திலும் மாற்றி மாற்றிக் கூவினார். காரைச் சுற்றி நான்கைந்து பேர் கூடிவிட்டார்கள். அண்ணனுக்கு முகம் கொஞ்சம் தெளிந்தது.

ஷூ கடையில் முப்பது வயதுப் பெண் ஒருத்தி எடுத்துக் கொடுத்தாள். அடி மெலிந்து, முன்பக்கம் ஒடுங்கிய ஒரு ஜோடியைக் கேட்டார். ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய். போட்டு நடந்து பார்த்தார்.

“எப்படிங்க இருக்கு?”

“வசதியா இருக்கும்மா.”

அடுத்ததையும் போட்டார். அதுவும் வசதி. அளவு தெரியாமல் ஒரு எண் சின்னதை எடுத்துவிட்டாள் போலிருக்கிறது. அதைக் கஷ்டப்பட்டு நுழைத்துக்கொண்டு நடந்தார். “இதுவும் நல்லாத்தான் இருக்கு.”

அவள் குனிந்து ஷூவின் முனையை அழுத்திப் பார்த்தாள். “விரல் மடங்கிக் கெடக்குதுங்களே. வலிக்கலீங்களா?”

“இல்லம்மா. வசதிதான்.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மெதுவாக அதைக் கழற்றினாள். வலது குதிகாலில் சாம்பல் நிற சாக்ஸ் கறுத்து ஒட்டியிருந்தது. “ரத்தமுங்க ஐயா,” என்றாள், பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்காத குரலில். அவர் கழற்றி வைத்திருந்த தோல் ஷூவை நான் கவிழ்த்தேன். கடலைப் பருப்பு அளவில் கூரான ஒரு கல் விழுந்தது. கித்துள்கலையில் ஷூ மாற்றியபோது ஆற்றங்கரை மண்ணிலிருந்து உள்ளே போயிருக்க வேண்டும். இரண்டரை மணி நேரம் அதன்மேல் காலை ஊன்றி ஓட்டியிருக்கிறார்.

அண்ணன் அந்தக் கல்லை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் வரிசையில் உட்கார்ந்திருந்தோம். டாக்டர் இளைஞர், சிங்களவர், நிதானமாகத் தமிழ் பேசினார். காயத்தைக் கழுவிக் கட்டுப் போட்ட பிறகு, நைலான் நூல் போன்ற ஒன்றைக் கையில் எடுத்தார். “கண் மூடுங்க. நான் தொடும்போது சொல்லுங்க.”

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். டாக்டர் பெருவிரலில் தொட்டார். நடுப்பாதத்தில் தொட்டார். நூல் வளைகிற அளவுக்கு அழுத்தினார். வலது கால் முடிந்து இடது காலுக்குப் போனார். அண்ணன் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கவனமாகக் காத்திருந்தார். டாக்டர் நூலைக் கீழே வைத்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

“எப்ப ஆரம்பிப்பீங்க டாக்டர்?”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சர்க்கரை நோய் அவருக்கு இருப்பது எனக்குத் தெரியும். வெளிநாட்டில் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. “முந்தி எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும் தம்பி. அப்புறம் அது நின்னுச்சு,” என்று வராந்தாவில் சொன்னார். “சரியாயிடுச்சுன்னு நெனச்சேன்.” இனி வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். எத்தனை நாளைக்கு என்று அண்ணன் கேட்டதற்கு, நாள் கணக்கு இல்லை என்றார்.

காருக்குப் பக்கத்தில் வந்ததும் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு இடது பக்கம் போய் ஏறிக்கொண்டார். என்னிடம் தற்காலிக ஓட்டுநர் அனுமதி இருந்தது. ஒரு ஆட்டோவை வாடகைக்கு எடுத்துச் சுற்றலாம் என்று கொழும்பில் விளையாட்டாக வாங்கி வைத்தது.

தலவாக்கலை வரை ஒரே ஏற்ற இறக்கம். செயின்ட் கிளேயர் அருவி எதிர்ச் சரிவில் வெள்ளையாக விழுகிறது. படம் எடுக்க எல்லோரும் நிறுத்துகிற இடம். நிறுத்தட்டுமா என்று கேட்டேன். “போங்க,” என்றார். நாலரை மணிக்கு வட்டகொடையைத் தாண்டி, தோட்டத்துப் பாதையில் லயத்துக்கு வந்து சேர்ந்தோம். வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். மேரி அக்காவின் வாசலில் டேலியா பூத்திருந்தது. மெலிந்த, உயரமான பெண். தம்பி இடது பக்கத்திலிருந்து இறங்குவதைப் பார்த்ததும், வாங்க என்று சொல்ல வந்தவர் நிறுத்திவிட்டார். கட்டுப் போட்ட காலைப் பார்த்தார்.

“என்னடா இது?”

“கல்லு குத்திருச்சுக்கா.”

“அதுக்கா வண்டிய இவருகிட்ட குடுத்த?”

அண்ணன் உள்ளே போனார்.

மறுநாள் காலை அக்கா நுவரெலியாவுக்கு வரமாட்டேன் என்றார். “நீ ஓட்டாத காருல எனக்கு என்ன வேலை?”

“தம்பி நல்லா ஓட்டுவாரு. போயிட்டு வாக்கா. நீ போகலன்னா நான் எதுக்கு இத வாங்கினேன்?”

அதற்குமேல் அக்கா மறுக்கவில்லை. சிவப்புக் கரை வைத்த சேலை கட்டி, ஸ்வெட்டர் போட்டு வந்து உட்கார்ந்தார். லயத்துப் பிள்ளைகள் பின்னாலேயே கொஞ்ச தூரம் ஓடி வந்தார்கள். அண்ணன் நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

லிந்துலை, ராதெல்லை, நானுஓயா வழியாக நுவரெலியா. சுமார் முப்பது கிலோமீட்டர். ராதெல்லையில் ஏறும்போது இருபுறமும் தேயிலை வெட்டிவிட்ட கம்பளம்போல் சரிந்து கிடக்க, பாதை நடுவே சுற்றிச் சுற்றி ஏறுகிறது. எனக்கு அப்படிப்பட்ட கார் ஓட்டிப் பழக்கமில்லை. பழைய கான்வாஸ் ஷூதான் போட்டிருந்தேன். பெடலின் நடுக்கம், சாலையின் ஒவ்வொரு சொரசொரப்பு, எல்லாம் உள்ளங்காலுக்கு வந்தது. சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம் எனக்கு வெட்கமாகவும் இருந்தது. மேரி அக்கா கதவுப் பிடியை விட்டுவிட்டு, தலையில் போட்டிருந்த முக்காட்டைக் காற்றுக்கு விட்டிருந்தார்.

கிரெகரி ஏரிக் கரையில் நிறுத்தினேன். மட்டக் குதிரைகள், படகுகள், அவித்த சோளம். அக்கா இறங்கவில்லை. காரிலேயே உட்கார்ந்து சோளம் சாப்பிட்டார். பாதியில் நிறுத்திக் கேட்டார்.

“வீட்டுக்குப் போனதும் அவன் கேப்பான். நல்லா இருந்துச்சுன்னு சொல்லவா, இல்லன்னு சொல்லவா?”

நான் காரைக் கிளப்பினேன்.

திரும்பியதும் அண்ணன் கேட்டார். “குலுக்கல் தாங்கல. நம்ம பஸ்ஸே பரவாயில்ல,” என்று சொல்லிவிட்டு அக்கா அடுப்படிக்குப் போனார். அண்ணன் சிரித்தார். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியவில்லை.

மூன்றாம் நாள் நான் ரயிலில் கிளம்ப வேண்டும். காரை விற்றுத் தரக் கொழும்பில் ஒரு நண்பருக்கு அவர் காலையிலேயே போன் செய்திருந்தார். நான் பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

“அக்கா பொய் சொல்றா. நீங்க சொல்லுங்க தம்பி. அந்த ராதெல்ல ஏத்தத்துல எப்படி இருந்துச்சு?”

சொன்னேன். இரண்டாவது கியரில் அது எப்படி முனகாமல் ஏறியது, வளைவில் ஸ்டியரிங் எப்படித் தானாகக் கைக்குத் திரும்பி வந்தது, பெடல் காலடியில் எப்படித் துடித்தது, எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் ஒருமுறை, “ஆமா, அங்க கொஞ்சம் விட்டுப் பிடிக்கணும்,” என்றார். சொல்லி முடித்தபோது, மேரி அக்கா தேநீருடன் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ.

ரயில் வட்டகொடையைவிட்டு நகர்ந்ததும் தேயிலைக்கு நடுவே சாலை வந்து வந்து மறைந்தது. எங்கள் ஊரில் சாலைகள் நேரானவை. ஸ்கூட்டரில் ஆபீசுக்குப் போய்த் திரும்பும்போது காலைப் பற்றி நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அவரோடு ஒரே அறையில் இருந்த அத்தனை வருடமும், இரவில் அவர் பூட்ஸைக் கழற்றிவிட்டுப் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே இருப்பார். களைப்பு என்று நினைத்துக்கொண்டு விளக்கை அணைத்துவிடுவேன்.