மேடைக்குப் பின்னால் நடந்த ஆட்டம்

வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் வெள்ளைக்காரர் தன் போனை என் தோளருகே நீட்டினார். அதிலிருந்து ஒரு பெண் குரல் செய்தி வாசிப்பதுபோல் தமிழ் பேசியது. "வணக்கம், ஓட்டுநரே. நாங்கள் கால்பந்து பார்க்க வந்திருக்கிறோம். இந்த நகரத்தில் வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை."

கோயமுத்தூருக்கு வெள்ளைக்காரர்கள் வருவது புதிதில்லை. ஆசிரமத்துக்கு வருவார்கள், ஆஸ்பத்திரிக்கு வருவார்கள், ஊட்டிக்குப் போகிற வழியில் ஒரு ராத்திரி தங்குவார்கள். உள்ளூர்ப் பையன்கள் ஆடுகிற லீக் ஆட்டத்துக்காகப் பிளேன் ஏறி வந்தவர்களை அன்றுதான் பார்த்தேன்.

கணவன், மனைவி இரண்டு பேர். கணவருக்கு அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். இரண்டு முழங்காலிலும் பட்டை கட்டியிருந்தார். பெரிய கிளப்புகள் அவருக்கு வேண்டாமாம். ஊர் ஊராகப் போய்ச் சின்ன கிளப்புகளின் ஆட்டத்தைப் பார்ப்பதுதான் அவருடைய பித்து. முதல் விசிலிலிருந்து கடைசி விசில் வரை பார்க்க வேண்டும், நடுவில் கொஞ்சம் விட்டுப்போனாலும் அந்த மைதானத்தைப் பார்த்ததாகவே எடுத்துக்கொள்ள மாட்டார் என்று போன் சொன்னது. பிறகு அந்த அம்மா போனை வாங்கிப் பேசினார். "இவர் இனி தூரப் பயணம் போகக் கூடாது என்று மருத்துவர் கூறிவிட்டார். இதுதான் கடைசி மைதானம்." அது பேசும்போது கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் ஐந்தாவதோடு நின்றவன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் லெப்ட், ரைட், ஏர்போர்ட். "சரிங்க" என்று மட்டும் சொன்னேன்.

மைதானம் மதுக்கரை ரோட்டிலிருந்து பிரிகிற மண் தடத்தில் இருந்தது. ஒரு பக்கம் சிமெண்டுப் படிகள், மறுபக்கம் கம்பி வேலி, வேலிக்குப் பின்னால் மலை. இறங்கியதும் இரண்டு பேரும் நேராக வேலிக்குப் போய், கம்பியில் முழங்கையை ஊன்றிக்கொண்டார்கள். பையன்கள் பந்தை உதைத்து உடம்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் யாரையும் தொந்தரவு செய்யாமல் பார்த்துக்கொண்டிருந்தார். சொந்த வாசலில் வந்து நின்றவர்போல இருந்தது அந்த முகம்.

அப்போதுதான் கிளப் செயலாளர் அவர்களைப் பார்த்தார். டவுனில் இரும்புக்கடை வைத்திருப்பவர். வேகமாக என்னிடம் வந்தார்.

"ஏனுங்க, இவங்க யாருங்க?"

"ஆட்டம் பாக்க வந்திருக்காங்க."

"எந்த ஆட்டம்?"

"இந்த ஆட்டந்தானுங்க."

"நம்ம கிளப்பையா?" அவர் வேலிப் பக்கம் இன்னொரு தடவை எட்டிப் பார்த்தார். "பசங்களோட அப்பனாத்தாளே பாக்க வாரதில்லீங்க." உடனே போனை எடுத்தார். கிளப் தலைவர் காரமடையில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். அவர் வரும்வரை ஆட்டத்தைத் தொடங்கக் கூடாது என்று முடிவானது.

அவர்களுக்கு அன்று ராத்திரியே பிளேன். மைதானத்தில் விளக்கும் கிடையாது. நான் பேச்சில் முன்னால் நிற்கிற ஆள் இல்லை. இருந்தாலும் செயலாளரிடம் போனேன். "ஏனுங்க, அவங்களுக்கு மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் முழுசாப் பாக்கோணுமாமுங்க. ராத்திரி பிளேனுங்க, நேரமும் இல்லீங்க."

"பாக்கட்டுமுங்க! அவங்களுக்காகத்தான ஆட்டத்தையே நிறுத்தி வச்சிருக்குது!"

நான் போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டேன்.

தலைவர் வருவதற்குள் படிகளுக்கும் ஆடுகிற இடத்துக்கும் நடுவில் சாமியானா முளைத்தது. நாற்காலிகள் வந்தன. எந்த விழாவிலும் மேடை ஜனங்களைப் பார்த்துத்தானே இருக்கும்? அதே பழக்கத்தில் நாற்காலிகளைப் படிகளைப் பார்த்துப் போட்டுவிட்டார்கள். வேலியிலிருந்து கையைப் பிடித்து அழைத்து வந்து, மைதானத்துக்கு முதுகு காட்டி இரண்டு பேரையும் உட்கார வைத்தார்கள். கையில் இளநீர் கொடுத்தார்கள். அவர் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்ப்பார். போட்டோ எடுப்பவர் "சார், சார்" என்று முன்னால் திருப்புவார்.

தலைவர் வந்தார். பம்ப்செட் கம்பெனி வைத்திருக்கிறார், நல்ல மனிதர். பொன்னாடை போர்த்தினார்கள், மாலை போட்டார்கள், பேசினார்கள். ஆடுகிற பையன்கள் புல்லில் மல்லாந்து படுத்துவிட்டார்கள். ரெப்ரீ அடிக்கடி வானத்தைப் பார்த்தார். மேற்கே மேகம் கூடிக்கொண்டிருந்தது.

படியிலிருந்து ஒரு குரல் வந்தது. "பொண்ணு மாப்பிள்ளை வந்தாச்சு, மாலையும் போட்டாச்சு. தாலி எப்பங்க கட்டறது?"

"ஏனுங் ரெப்ரீ, பந்துக்கு ஒரு பொன்னாடை போத்தலீங்களா?" என்றது இன்னொரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். என்ன சிரிப்பு என்று தெரியாமல் வெள்ளைக்காரரும் சிரித்தார்.

ஒருவழியாக விசில் ஊதினார்கள். வெளிச்சம் போதாதென்று நேரத்தைக் குறைத்துவிட்டதாக மைக்கில் சொன்னார்கள். நாற்காலிகள் மட்டும் திரும்பவில்லை. அவர் கழுத்தை ஒடித்துக்கொண்டு பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார். பொறுக்க முடியாமல், நாற்காலியைத் திருப்பிப் போடலாமென்று சாமியானா வரை போனேன். பேட்ஜ் குத்திய ஒருவர் கையை நீட்டித் தடுத்தார். "டிரைவருங்களா? மேடைக்கு வராதீங்க. காப்பி அங்கேயே வரும்."

நான் படிக்குத் திரும்பி வந்துவிட்டேன்.

கடைசியில் அந்த அம்மாவே எழுந்தார். தன் நாற்காலியைத் தூக்கித் திருப்பிப் போட்டார், கணவருடையதையும் திருப்பினார். தலைவர் ஒரு நிமிடம் விழித்துவிட்டு, பெரிதாகச் சிரித்துத் தன்னுடையதையும் திருப்பிக்கொண்டார். அப்புறம் கொஞ்ச நேரம் நல்லபடியாகப் போனது. எதிர் அணி ஒரு கோல் போட்டது. நம் பையன் ஒருவன் தலையால் முட்டி அதைச் சமன் செய்தான். வெள்ளைக்காரர் மாலையோடு எழுந்து நின்று கத்தினார். முழங்கால் வலி அவருக்கு நினைவில்லை. எனக்கும் மூச்சு வந்தது.

இடைவேளை முடிந்து மறுபடி ஆட ஆரம்பித்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். செயலாளர் தலைவர் காதில் பிளேன் விஷயத்தைச் சொன்னார். தலைவர் பதறி எழுந்தார்.

"அப்ப இப்பவே ஊட்டுக்குக் கெளம்பினாத்தான் ஒரு வாய் சாப்பிட முடியும்."

"ஆட்டம் முடியட்டுமுங்க" என்றேன். சத்தமாகத்தான் சொல்ல நினைத்தேன். அவர் என்னைப் பார்த்துத் திரும்பியதும் குரல் உள்ளே போய்விட்டது.

அவர் என் தோளில் கை போட்டார். "ஏன் கண்ணு, அவ்வளவு தூரத்துல இருந்து வந்தவங்களப் பட்டினியாப் பிளேன் ஏத்தறதா? நீங்களும் வந்து சாப்பிடோணும், ஆமா."

வெள்ளைக்காரர் போனை நீட்டினார். "எங்கே போகிறோம்? ஆட்டம் இன்னும் முடியவில்லை" என்றது அது.

தலைவர் போனுக்குள் குனிந்தார். "அது கெடக்குதுங்க! இந்தப் பசங்க வாரா வாரம் ஆடறானுங்க!"

போன் அதை அவர்கள் பாஷையில் சொன்னது. அவர் போனைப் பார்த்தார், மைதானத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் எதையாவது செய்வேன் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். தலைவர் அவர் கையைப் பிடித்து நடக்கத் தொடங்கியிருந்தார். நான் போய் வண்டிக் கதவைத் திறந்துவிட்டு நின்றேன்.

தலைவர் வீட்டில் சந்தகையும் தேங்காய்ப்பாலும் நாட்டுக்கோழிக் குழம்பும் இருந்தன. தலைவரின் சம்சாரம் "அம்மணி, இன்னொண்ணு வெச்சுக்கங்க, ஒண்ணும் பண்ணாது" என்று அந்த அம்மாவுக்கு அள்ளி அள்ளி வைத்தார். அவர்கள் மரியாதைக்குச் சாப்பிட்டார்கள். கோழி நன்றாகத்தான் இருந்தது, எனக்குத்தான் இறங்கவில்லை.

ஏர்போர்ட் வாசலில் பெட்டிகளை இறக்கியபோது போன் கடைசியாக ஒன்று கேட்டது. "ஆட்டத்தின் முடிவு என்ன?"

செயலாளருக்குப் போன் போட்டேன். "முடிவுங்களா? நானே இன்னும் தலைவர் ஊட்டுல பந்தியிலதானுங்க நிக்கறேன். கேட்டுப்போட்டுக் கூப்பிடறேன். அவங்க நல்லாச் சாப்பிட்டாங்களா?"

"சாப்பிட்டாங்க" என்றேன்.

கொஞ்சம் காத்திருந்தார்கள். நேரமாகிவிட்டது. அவர் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கிவிட்டு, காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து உள்ளே போனார். வாசலில் காவல் நின்ற துப்பாக்கிக்காரர் டிக்கெட் பார்த்து அனுப்பியதும் கண்ணாடிக் கதவு மூடிக்கொண்டது.

அப்புறம்தான் செயலாளர் கூப்பிட்டார். "ஏனுங்க, ஆட்டம் முடியவே இல்லீங்களாம்! நாம கெளம்பின கொஞ்ச நேரத்துலயே இருட்டிப் போச்சுன்னு ரெப்ரீ நிறுத்திப்போட்டாராம். கடைசி விசிலே ஊதலீங்க. மிச்சத்த ஞாயித்துக்கிழமை ஆடறாங்களாம். அவங்கள இருந்து பாத்துட்டுப் போகச் சொல்லுங்க!"

கண்ணாடிக்கு ஓடினேன். உள்ளே வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். துப்பாக்கிக்காரர் டிக்கெட் எங்கே என்று கையை நீட்டினார். "ஒரே ஒரு வார்த்தைங்க" என்றேன். அவருக்குத் தமிழ் தெரியவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று கையை ஆட்டினேன். பந்துபோல உருட்டிக் காட்டினேன். இல்லை, முடியவில்லை என்று தலையை ஆட்டினேன். அந்த அம்மா பார்த்துவிட்டுக் கணவரின் தோளைத் தொட்டார். அவர் திரும்பினார். இரண்டு பேரும் சந்தோஷமாக எனக்குக் கை ஆட்டினார்கள். நானும் ஆட்டிக்கொண்டே நின்றேன்.