ஏழு கேள்வி தூரம்

போன மாதம் பதுளையில் அம்மாவின் கிளினிக்கில் ஒரு படிவம் கொடுத்தார்கள். படிவத்தைக் கண்டால் நான் விடுவேனா?

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்த முதல் ஆள் நான். சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமே இல்லை. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் யாருக்கு அடையாள அட்டை வேண்டுமென்றாலும், யார் பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் எடுக்க வேண்டுமென்றாலும் பத்து வயதிலேயே பேனாவோடு போய் உட்கார்ந்தவள். இப்போது பதுளையில் ஓர் அலுவலகத்தில் வேலை. அங்கேயும் படிவம்தான்!

அம்மாவுக்கு நாள்பட்ட நுரையீரல் நோய். அந்த நோய் அன்றாட வாழ்க்கையை எந்த அளவுக்குப் பாதிக்கிறது என்று கேட்கும் இரண்டு பக்கப் படிவம் அது. சமைக்கிறாரா? இல்லை. வீடு கூட்டுகிறாரா? இல்லை. கடைக்குப் போகிறாரா, சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறாரா, மேடு ஏறுகிறாரா? இல்லை, இல்லை, இல்லை... மூன்றே நிமிஷத்தில் முடித்து நீட்டினேன்.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரி. படிவத்தைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பிறகு என்னை.

"தங்கச்சி, மூச்சு வாங்குறது அம்மாவுக்கு. பதில் மட்டும் உங்கடயோ? அவவைக் கேளுங்கோ."

எனக்கு முகம் சுருங்கிப்போனது. அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது என்று முனகினேன். அப்படியென்றால் நானே வாசிக்கிறேன் என்று டாக்டர் படிவத்தைக் கையில் எடுத்தார். சமதரையில் நடக்கும்போது மூச்சு வாங்குகிறதா? இதுதான் முதல் கேள்வி.

அம்மா நன்றாக யோசித்தார். "எங்க தோட்டத்துல சமதரை இல்லீங்களே!"

டாக்டர் சிரித்துவிட்டார். நானும்தான். அப்படியே கேட்டுக்கொண்டு போய் கடைசிக் கேள்விக்கு வந்தார் — இந்த நோயால் எதையெல்லாம் விட்டுவிட்டீர்கள்?

"கொழுந்து எடுக்க முடியலீங்க. வெறகு தூக்க முடியல. நோவு எடுத்துக்கிட்டது அந்த ரெண்டுதான்." அம்மா கட்டைவிரலை என் பக்கம் நீட்டினார். "மத்ததெல்லாம் இவதான் எடுத்துக்கிட்டா."

நான் எதை எடுத்தேன்?

அம்மா பீடியோ சிகரெட்டோ தொட்டதில்லை. ஆனால் ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டத்தில் எங்கள் லயத்துக் குசினிக்குப் புகைபோக்கி கிடையாது. ஈர விறகை ஊதி ஊதிச் சமைத்த அத்தனை வருஷப் புகையும் நெஞ்சில் தங்கியதால்தான் இந்த நோய் என்று முதலில் பார்த்த டாக்டரே சொல்லியிருந்தார். நான் தின்ற சோறெல்லாம் அந்தப் புகையில் வெந்ததுதானே?

அதனால்தான் ஆறு மாதத்துக்கு முன்பு அம்மாவைப் பதுளைக்குக் கூட்டிவந்தேன். படி இல்லாத வாடகை வீடு. கேஸ் அடுப்பு. தூசி என்று விளக்குமாற்றை அம்மா கையிலிருந்து பிடுங்கினேன். புகை என்று சாம்பிராணியை நிறுத்தினேன். தேங்காய் துருவும் துருவலையை ஒளித்தேன். டிவிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். ராணி மாதிரி வைத்திருக்கிறேன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையடித்தேன்.

அந்த ராணிக்கு ஓர் ஆசை இருந்தது. லயத்துக்குத் திரும்பிப் போக வேண்டும். தம்பியும் அவன் மனைவியும் அங்கேதான் இருக்கிறார்கள். மாதம் ஒரு தடவையாவது கேட்பார். ரோட்டிலிருந்து எங்கள் லயம் வரைக்கும் ஒரே ஏற்றம். "அந்த மேட்ட ஏற முடியுமாம்மா?" என்று கேட்டு நான் வாயை அடைத்துவிடுவேன்.

டாக்டர் அன்றைக்கு என் வாயை அடைத்தார். புகை கூடவே கூடாது, மூச்சு மருந்துப் பம்ப்பை ஒழுங்காக இழுக்க வேண்டும், அதெல்லாம் சரி. "ஆனா நடக்க விடுங்கோ. ஆறுதலா, மெல்ல மெல்ல நடந்து, நின்று, பிறகும் நடக்கட்டும். ஒரேயடியா இருத்தி வச்சால் கால்ல பலம் போயிடும். பிறகு இன்னும் கூட மூச்சு வாங்கும்."

பஸ்ஸில் வரும்போது அம்மா பந்தயம் கட்டினார். "ஞாயித்துக்கெழம போவோம். ஏறிக் காட்டுறேன். முடியலன்னா ஒன்னோடயே வந்துர்றேன். அப்பறம் கேக்கவே மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை. அம்மா முன்னால், நான் பின்னால். என் கைப்பையில் பம்ப், தண்ணீர், துவாய்... பாதி வைத்தியசாலையே இருந்தது. நான் மட்டும் என்றால் பத்து நிமிஷத்தில் ஏறிவிடுவேன்.

கீழ் லயத்து முனையிலேயே அம்மா நின்றுவிட்டார். வேலியைப் பிடித்துக்கொண்டு, மிளகாய்ச் செடி ஏன் வாடிக் கிடக்கிறது என்று அந்த வீட்டு அக்காவிடம் கேட்டார். அந்த அக்கா குழாயில் தண்ணீர் வராத கதையை ஆதியிலிருந்து ஆரம்பித்தார். கொஞ்சம் ஏறியதும் கோயில் வாசல். திருவிழா எப்போது என்று பூசாரியிடம் கேள்வி. அதற்கு மேலே ஒரு வீட்டில், கொழும்புக்கு வேலைக்குப் போன மகள் போன் பண்ணினாளா என்று விசாரணை.

எனக்கு எரிச்சல். ஆறு மாதம் கழித்து வந்த கையோடு ஊர் வம்பா? பள்ளிக்கூடம் போகிற காலத்திலிருந்தே எனக்கு இது மானப் பிரச்சினை. அம்மாவோடு எங்கே புறப்பட்டாலும் வீட்டுக்கு வீடு நின்று துருவித் துருவிக் கேட்பார்.

நாலாவதாக, மாட்டுக்குப் புல் கட்டித் தூக்கிவந்த ஒரு மாமா. "பசு கன்னு போட்டுருச்சா?" என்றார் அம்மா. அவர் கட்டை இறக்கி வைத்துவிட்டு, போட்டுவிட்டது என்று சுருக்கமாக முடித்தார். அம்மா விடவில்லை. "கெடேரியா, காளையா?"

அப்போதுதான் அம்மாவின் தோளைக் கவனித்தேன். வேகவேகமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. உதட்டைக் குவித்து மெல்ல மெல்ல மூச்சு விட்டார். மாமா கிடேரிக் கன்றின் அழகைச் சொல்லச் சொல்ல அந்தத் தோள் அடங்கியது. முழுக்க அடங்கியதும், "சரிண்ணே, வாரேன்" என்று அடுத்த அடி வைத்தார்.

ஏழு இடம். ஏழு கேள்வி. முக்கால் மணி நேரத்தில் வீட்டு வாசலில் நின்றார். என் கைப்பையைத் திறக்கவே இல்லை.

தம்பி மனைவி கொடுத்த பிளேன்டீயைக் குடித்துக்கொண்டே, வழியில் கேட்ட கேள்வியெல்லாம் மூச்சு வாங்கத்தானா என்று கேட்டேன். அம்மா திருட்டுச் சிரிப்பு சிரித்தார்.

"மூச்சு முட்டுதுன்னு சொன்னா பாவம் பாப்பாங்க. ஒக்காரச் சொல்லுவாங்க. ஒரு கேள்வியக் கேட்டுப்புட்டா அவங்க பாட்டுக்குக் கத சொல்லுவாங்க, நான் பாட்டுக்கு நின்னுக்குவேன்."

"எத்தன வருசமா?"

"நீ ஓ.எல். பரீட்சைக்குப் படிக்கிறப்பவே."

பதுளை வீடு ஞாபகம் வந்துவிட்டது. சாயங்காலம் அம்மா நாற்காலியிலிருந்து எழுந்து என் அறை வரைக்கும் வருவார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஆபீசில் இன்றைக்கு என்ன என்று கேட்பார். ஒன்றுமில்லை என்பேன். மத்தியானம் என்ன சாப்பிட்டாய்? சோறு. என் கண் போனில் இருக்கும். இன்னும் ஒரு கேள்வி தேடிக்கொண்டு அங்கேயே நிற்பார்...

'ஒன்றுமில்லை' என்ற பதிலுக்குள் எத்தனை மூச்சு வாங்க முடியும்?

பந்தயத்தில் நான் தோற்றேன். கேஸ் அடுப்பு இப்போது லயத்தில் இருக்கிறது. தம்பிதான் தோளில் வைத்துச் சுமந்து போனான். விறகு அடுப்பு குசினியை விட்டு வெளியேறிவிட்டது. கிளினிக் நாளில் நான் போய்க் கூட்டிவர வேண்டும் என்று ஒரு நிபந்தனை போட்டேன். அம்மாவும் ஒன்று போட்டார் — இனி அவர் பெயரில் வரும் படிவத்துக்கு அவர் சொல்வார், நான் எழுத வேண்டும். அவ்வளவுதான் என் வேலை.

அம்மா தினமும் சாயங்காலம் கோயிலுக்கு இறங்கி, திரும்ப ஏறுகிறார். வழியில் ஆள் அகப்படாத இடத்தில் எனக்குப் போன் வரும். "சாப்புட்டியா புள்ள?"

இப்போதெல்லாம் நான் ஒற்றைச் சொல்லில் முடிப்பதில்லை. என்ன சோறு, என்ன கறி, பக்கத்து மேசை அக்கா கொண்டுவந்த பருப்பு எப்படி அடிப்பிடித்திருந்தது, அதை நாங்கள் எப்படி வாய் திறக்காமல் தின்று முடித்தோம்... எல்லாம் சொல்கிறேன். அந்தப் பக்கம் மூச்சு இரைவது கேட்கும். கேட்கக் கேட்கத் தணியும். அலுவலகத்தில் எனக்கு வாயாடி என்று பெயர் வந்துவிட்டது. வரட்டுமே!

உங்கள் வீட்டிலும் யாராவது ஓர் அம்மா நிலையைப் பிடித்துக்கொண்டு ஏதாவது கேட்டால், கொஞ்சம் நீட்டித்தான் பதில் சொல்லுங்களேன்.

போன வாரம் அம்மா ஐந்தே கேள்வியில் மேட்டை ஏறிவிட்டார். நான் ஆபீஸ் கதையின் நடுவில் இருந்தேன். "சரி சரி, வீடு வந்துருச்சு. மிச்சத்த நாளைக்குச் சொல்லு" என்று வைத்துவிட்டார்!