மாமாவின் கண்ணுக்கு இருபது வாளி

அக்கா புருஷனை நினைத்தாலே அவளுக்கு வயிறு எரியும். மூன்று வருடமாக எரிகிறது, அணைகிற வழியைக் காணோம்.

அவள் வெள்ளையடிக்கிறவள். பதினாறு வயதில் சுண்ணாம்பு தோய்க்கும் மட்டையைக் கையில் எடுத்தவள். ஏணியின் உச்சிப்படியில் நின்று கூரையோரம் நூல் பிடித்த மாதிரி அடிப்பாள். தரையில் ஒரு சொட்டு விழாது. அக்கா புருஷன்தான் மேஸ்திரி. வேலையிடத்தில் அவர் வைத்ததுதான் சட்டம்.

ஒரு வெள்ளிக்கிழமை சுண்ணாம்புக் கல்லைத் தண்ணீர் விட்டு நீற்றும்போது கொதித்துத் தெறித்த சுண்ணாம்பு அவள் வலது கண்ணில் விழுந்தது. தண்ணீர்த் தொட்டி இரண்டு எட்டில் இருந்தது. ஓடினாள். மாமா கையைப் பிடித்து இழுத்துவிட்டார்.

"அறிவிருக்கா உனக்கு? தண்ணி பட்டா இன்னும் கொதிக்கும். கண்ணே வெந்துடும். துணியால கட்டு."

அங்கே எல்லோருமே அப்படித்தான் நம்பினார்கள். தண்ணீர் விழுந்த சுண்ணாம்புக் கல் கொதிப்பதைத் தினம் பார்க்கிறவர்கள் வேறெப்படி நம்புவார்கள்? சுகாதார நிலையம் பூட்டிக் கிடந்தது. கண் டாக்டர் வியாழக்கிழமை மட்டும் என்று கதவில் எழுதியிருந்தது. வெள்ளிக்கிழமை கண் போனால் அது அவள் தலையெழுத்து, வேறென்ன! இரண்டு பஸ் மாறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர ஐந்து மணி நேரம் ஆயிற்று.

"அந்த இடத்துலயே அரை மணி நேரம் வெறும் தண்ணி ஊத்தியிருக்கணும்மா," என்றார் டாக்டரம்மா. "இங்க வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு."

திரும்பி வந்து மாமாவிடம் அதை அப்படியே சொன்னாள். "அந்தம்மா என்னைக்குச் சுண்ணாம்பு நீத்துனாங்க?" என்று கேட்டார் அவர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை அவள் மறக்கவே இல்லை.

ஒற்றைக் கண்ணில் ஏணிப்படி தப்பியது, கோடு பிசகியது. மட்டையைப் பிடுங்கிக்கொண்டு அவளைத் தண்ணீர் சுமக்க விட்டதும் அவரே. ஒவ்வொரு வாளியைத் தூக்கும்போதும், அவர் கண்ணும் இப்படியே அவிந்து போகட்டும் என்று மனதுக்குள் சபித்தபடிதான் தூக்குவாள்.

போன மாதம் அது நடந்தது. கல் வெந்துவிட்டதா என்று அவர் குனிந்து பார்க்க, பொங்கித் தெறித்து இரண்டு கண்ணிலும் அடித்தது. "தண்ணி வேணாம், துணி கொண்டாங்க!" என்று அலறிக்கொண்டு தரையில் உருண்டார். ஆட்கள் துணி தேடி ஓடினார்கள்.

அவள் கையில் நிறைவாளி. சும்மா நின்றாலே போதும். மேஸ்திரி சொல்லைத் தட்டவில்லை என்றுகூட நல்ல பெயர் கிடைக்கும். ஒரு நொடி நின்றாள், அந்த நொடி இனித்தது.

பிறகுதான் அவளுக்கு உறைத்தது. குருடராகிவிட்டால் ஊரே ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டும். அக்கா கையைப் பிடித்து நடத்திக் கொண்டுபோவாள். எல்லாவற்றையும்விட, என் கண்ணை அவர் பார்க்கவே வேண்டியிருக்காது. அப்படி லேசில் தப்பவிடுவேனா?

அவர் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தாள். இமைகளை விரலால் பிளந்து ஊற்றினாள். கெட்ட வார்த்தையில் ஏசினார், கடித்தார், அழுதார். அவள் விடவில்லை. "இன்னும் கொண்டாங்க" என்று அதட்டி, சிரித்தவர்களையே வாளி சுமக்க வைத்தாள். அரை மணி நேரம், இருபது வாளி. அதற்கப்புறம்தான் பஸ் ஏற்றினாள்.

கட்டுப் பிரித்த அன்று அதே டாக்டரம்மா, "யாரு கழுவினது? ரெண்டு கண்ணும் பொழைச்சது அதனாலதான்," என்றார். அக்கா தங்கையைக் கட்டிக்கொண்டு, "தெய்வம்டி நீ," என்று அழுதாள். அவள் அக்காவை விலக்கிவிட்டு மாமாவின் முகத்துக்கு நேராகப் போய் நின்றாள்.

"நல்லா தெரியுதா மாமா?"

"தெரியுதும்மா."

"என் வலது கண்ணு?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"பாருங்க. நாளைக்கு மட்டையோட வேலைக்கு வர்றேன். தினமும் உங்க எதிர்லதான் நிப்பேன். இதைப் பாக்கத்தான் அந்த ரெண்டையும் மிச்சம் வச்சேன்."