மூன்றாவது துப்பாக்கி

போன வியாழக்கிழமை கூரியரில் ஒரு புத்தகம் வந்தது. பெங்களூரிலிருந்து மகள் அனுப்பியிருந்தாள். இரண்டாம் உலகப் போரில் சோவியத் நாட்டுக்காரர்கள் ஓட்டிய சண்டை விமானங்களைப் பற்றிய படப் புத்தகம், தலையணை கனம். அப்பாவுக்கு அனுப்புகிற புத்தகமா இது என்று நீங்கள் கேட்கலாம். வீட்டில் என் மனைவியும் அதையேதான் கேட்டாள். "முட்டு வலிக்குத் தைலம் அனுப்பச் சொன்னா மறந்துருவா. இத மட்டும் மறக்காம அனுப்பிருக்கா."

இந்த மாதிரிப் புத்தகம் கைக்கு வந்தால் நான் படிக்க மாட்டேன், சோதனை போடுவேன். அதற்கென்று சில இடங்கள் வைத்திருக்கிறேன். யாக்-9 என்கிற விமானத்துக்கு மூக்குக்குக் கீழே தாடி மாதிரி ஒரு காற்றுக்கூடு தொங்கும். யாக்-3க்கு அது கிடையாது, சவரம் செய்த முகம். இரண்டுக்கும் தாடி இருந்தால் ஓவியர் ஒன்றைப் பார்த்து இன்னொன்றை வரைந்துவிட்டார் என்று அர்த்தம். அடுத்து, இறக்கையின் மேல்பக்கம் சிவப்பு நட்சத்திரம் இருக்கிறதா என்று பார்ப்பேன். போரின் பிற்பகுதியில் பெரும்பாலும் அதை மேலே போடுவதை விட்டுவிட்டார்கள். ஆனால் ஓவியர்களுக்கு மனசு கேட்காது. அழகாக இருக்கிறதே என்று ஒன்றைப் போட்டுவிடுவார்கள். நான் பென்சிலால் சுழித்து வைப்பேன். இத்தனை பேசுகிற நான் முதன்முதலில் விமானத்தில் ஏறியது ஐம்பத்தோரு வயதில். சென்னையில் இறங்குகிறவரை கண்ணைத் திறக்கவில்லை.

இந்தப் புத்தகம் தாடியில் மாட்டிக்கொண்டது, நட்சத்திரத்திலும் மாட்டிக்கொண்டது. கடைசியாக லா-7 விமானத்தின் பக்கத்துக்குப் போனேன். அதன் மூக்கின் மேல் மூன்று துப்பாக்கிகள் உண்டு. ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் ஒன்று. படம் சரியாக இருந்தது. நேரே முன்னால் நின்று எடுத்த ஒரு பழைய புகைப்படத்தையும் பக்கத்திலேயே போட்டிருந்தார்கள்.

புத்தகத்தை மூடிவிட்டேன். அதற்குப் பிறகு உட்கார முடியவில்லை. கொடியில் கிடந்த துணிகளை எடுத்து மடித்தேன். மடித்ததை மறுபடி கொடியிலேயே போட்டேன். குடிதண்ணீர் கேன் இரண்டு நிறைய இருக்கும்போதே கேன் போடுகிற பையனுக்கு போன் செய்தேன்.

"எதுக்கு இப்படிக் கூண்டுல அடச்ச மாதிரி சுத்துறீக?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல" என்றேன்.

இப்போதைய புத்தகங்களுக்கு வாசனையே இல்லை, கவனித்திருக்கிறீர்களா? சோவியத் நாட்டிலிருந்து வந்த புத்தகங்களைத் திறந்தால் பசையும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி ஒரு வாடை மூக்கில் ஏறும். நான் பள்ளியில் படித்த காலத்தில் வருஷத்துக்கு ஒருமுறை மேலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு வேன் வந்து நிற்கும். பக்கவாட்டுக் கதவைத் தூக்கினால் உள்ளே முழுக்க அந்தப் புத்தகங்கள். எங்கள் அப்பா ஊரார் வயலில் ஏர் பிடித்தவர், பிறகு குவாரியில் கல் உடைத்தவர். அவர் எனக்கு வாங்கித் தந்த முதல் புத்தகம் அந்த வேனில்தான். விமானத்தின் பக்கத்தில் ஒரு விமானி சிரித்துக்கொண்டு நிற்கிற அட்டை. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அப்பா கேட்கவில்லை. அட்டையைத் தடவிப் பார்த்து, "தாளு கெட்டியா இருக்கு, கிழியாது" என்றார்.

அந்த வாடையை வைத்துத்தான் ஜமாலும் நானும் சிநேகிதமானோம். பட்டப்படிப்பு முடித்து மதுரையில் மேலமாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த அச்சகத்தில் புரூப் பார்க்கிற வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஜமால் அங்கே படம் போடுகிறவன். காலண்டர், நோட்டு அட்டை, பாடப்புத்தகத்துத் தவளை, இருதயம் எல்லாம் அவன் கைதான். என்னைவிட ஒரு வயது இளையவன். அவனுடைய அத்தா கீழமாசி வீதிப் பக்கம் தராசும் எடைக்கல்லும் விற்கிற கடை வைத்திருந்தார். மகன் கடையில் உட்காராமல் படம் போடப் போனதில் அவருக்குப் பெரிய வருத்தம். முதல்நாள் சாப்பாட்டு நேரத்தில் ஜமாலின் மேசையில் ஒரு ரஷ்யப் புத்தகம் கிடந்தது. எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்தேன். அவன் சிரித்துவிட்டான்.

"நீயும் மோந்து பாக்குற ஆளா மாப்ள?"

அன்றிலிருந்து மாப்ளதான். அவனுக்கு ரஷ்ய எழுத்து வாசிக்கத் தெரியும், அர்த்தம் தெரியாது. ஒரே புத்தகத்தின் இங்கிலீஷ் பதிப்பையும் ரஷ்யப் பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பிடித்திருந்தான். டீ குடிக்கப் போனால் டீ ஆறிவிடும். எந்தப் புத்தகத்தில் எந்த இறக்கை நீளம் கூடிவிட்டது, எவன் எஞ்சினை அளவில்லாமல் பெரிசாகப் போட்டான் என்பதே பேச்சு. எழுதியவர்களும் வரைந்தவர்களும் ஏதோ எங்களிடம் கையெழுத்து வாங்கக் காத்திருப்பதுபோல.

எங்கள் பேச்சு முதலாளி காதில் விழுந்திருக்க வேண்டும். பள்ளிக்கூட நூலகங்களுக்கென்று தமிழில் ஒரு படப் புத்தகம் போடலாம் என்று முடிவு செய்தார். சோவியத் போர் விமானங்கள், முப்பத்திரண்டு பக்கம், பக்கத்துக்கு ஒரு வண்ணப்படம். ஜமால் வரைய வேண்டும், எழுத்தையும் படத்தையும் நான் சரிபார்க்க வேண்டும். முதலாளி தன் அறையிலேயே எனக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னார். "தப்பு வந்தா ஒங்களத்தான் கேப்பேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் அதுவரை இன்னொருவர் நாற்காலி போட்டதில்லை. நான் அந்த நாற்காலியில் சாய்ந்து உட்காரவே பத்து நாளாயிற்று.

சாய்ந்த பிறகு வந்த வினைதான் லா-7. ஜமால் வரைந்து கொண்டுவந்த படத்தில் மூக்கின் ஒரு பக்கம் இரண்டு துப்பாக்கி, மறுபக்கம் ஒன்று. நான் பென்சிலை எடுத்தேன்.

"என்ன மாப்ள இது, ஒரு பக்கம் ரெண்டு, ஒரு பக்கம் ஒண்ணு? சாஞ்சிராதா?"

"சாயுறதுக்கு எங்க கடைத் தராசா அது? ரஷ்யப் புத்தகத்துல அப்படித்தான் போட்டுருக்கான். கீழ பாரு, த்ரினு எழுதிருக்கு. மூணு."

"மூணுதான். ஆனா இந்தப்பக்கம் ஒண்ணு, அந்தப்பக்கம் ஒண்ணு, நடுவுல ஒண்ணு. யாக்குல நடுவுலதான வருது, விசிறி மத்தியில?"

யாக் விமானத்தில் அப்படி வருவது உண்மை. என்னிடம் நூலகத்தில் எடுத்த ஒரு தடித்த இங்கிலீஷ் புத்தகம் இருந்தது. அதில் லா-7க்குப் பக்கவாட்டுப் படம் மட்டும்தான். ஒரு துப்பாக்கிதான் தெரிந்தது. மீதியை நானே கணக்குப் போட்டுக்கொண்டேன். ஜமால் தன் புத்தகத்தை விரித்து என் முன்னால் வைத்தான். கட்டைவிரல் அளவுக்கு ஒரு கோட்டுப்படம். நான் அதைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

"அச்சு நல்லா விழல, புள்ளி கூடித் தெரியுது" என்றேன். அறையில் முதலாளி இருந்தார். அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஜமால் என் முகத்தைப் பார்த்தான். "நீ சொன்னா மாத்துறேன்" என்றான். வெள்ளை வர்ணத்தால் ஒரு துப்பாக்கியை மூடிவிட்டு, விசிறியின் நடுவில் ஒன்றைப் போட்டுத் தந்தான். நான் மூலையில் சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

புத்தகம் வந்தது. முதல் பக்கத்தில் ஓவியம் என்று ஜமாலின் பெயர். சரிபார்த்தவன் பெயரைப் போடுகிற வழக்கமில்லை. அதற்கு நான் உள்ளுக்குள் வருத்தப்பட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு மாதத்தில் மேலூரிலிருந்து ஒரு கடிதம். விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றவர் எழுதியிருந்தார். மணிமணியான கையெழுத்து, நான்கு பக்கம். பயிற்சிக்காகச் சோவியத் நாட்டுக்குப் போனபோது ஒரு மியூசியத்தில் அந்த லா-7ஐச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாராம். மூன்று துப்பாக்கியும் மூக்கின் மேல்தான், ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் ஒன்று. இதில் இருப்பது வட்டமான எஞ்சின், நடுவில் குழல் போக வழியே இல்லை, இந்தப் படத்தில் உள்ளபடி சுட்டால் விமானி முதல் குண்டிலேயே தன் எஞ்சினை உடைத்துக்கொள்வார், பிள்ளைகளுக்குத் தப்பைச் சொல்லித்தரலாமா என்று கேட்டிருந்தார். நூலகங்களுக்குப் புத்தகம் எடுக்கிற அலுவலகத்துக்கும் ஒரு நகல். அவர்கள் புத்தகங்களைக் கட்டுக்கட்டாகத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். நாங்கள் நின்றோம். என் நாற்காலி பக்கத்தில் சும்மா இருந்தது. அவர் கடிதத்தை முழுக்க வாசித்தார். பிறகு புத்தகத்தை விரித்துப் படத்தின் மேல் விரலை வைத்தார்.

"யாருய்யா இத இப்படிப் போட்டது?"

அன்றைக்கு அதே அறையில் இருந்தும் எங்கள் வாக்குவாதம் அவருக்கு ஞாபகத்தில் இல்லை. நான் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்த ஞாபகம்கூட இருக்கிறது. அப்பா குவாரியில் கால் நசுங்கி வீட்டில் கிடந்த சமயம் அது. தங்கச்சி காலேஜில் சேர்ந்திருந்தாள். இதையெல்லாம் அந்த நொடியில் நினைத்தேனா, பிறகு காரணமாகச் சேர்த்துக்கொண்டேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"நான்தாண்ணே வரஞ்சேன்" என்றான் ஜமால்.

அது பொய்யில்லை. அதனால்தான் எனக்கு அத்தனை வசதியாகப் போயிற்று. என் கையெழுத்துப் போட்ட மூலப்படம் பீரோவில்தான் இருந்தது. அதை எடுத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. எடுத்துக் காட்ட எனக்கும் தோன்றவில்லை என்று எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

அதற்கப்புறம் அவனுக்கு அங்கே படம் போடுகிற வேலை வரவில்லை. மாதம் ஒரு தடவை வந்து எட்டிப் பார்த்தான். பிறகு வருவதில்லை. அத்தாவின் கடைக்கே போய் உட்கார்ந்தான். நான் கீழமாசி வீதிப் பக்கம் போக வேண்டியிருந்தால் சுற்றிப் போனேன். ஊரில் எங்கே போக வேண்டுமானாலும் அந்த வழியை விட்டுவிட்டுப் போவதில் நான் நல்ல தேர்ச்சி பெற்றிருந்தேன். என் தலை நரைத்தது. அவன் தலை நரைத்ததையும் ஒருநாள் பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை முழுக்க வீட்டுக்குள் நடந்தேன். சனிக்கிழமை காலையில் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு மாட்டுத்தாவணி போய் பஸ் ஏறினேன். உட்கார இடம் இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றேன். ஜமால் இப்போது வண்டியூர்ப் பக்கம் மகன் வீட்டில் இருப்பதாகவும், காலையில் தெப்பக்குளத்தைச் சுற்றி நடப்பதாகவும் கேள்விப்பட்டிருந்தேன்.

கிழக்குக் கரையில் கண்டுபிடித்தேன். வெள்ளைத் தொப்பி, காலில் ஷூ. என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டான்.

"வாங்க. நல்லாருக்கீகளா? இங்கிட்டு எங்க?"

அந்த "வாங்க" என்னை அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். நான் நிற்கவில்லை. அவன் நடக்க, நானும் கூட நடந்துகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். நீ வரைந்ததுதான் சரி, மாற்றச் சொன்னது நான், அன்றைக்கே முதலாளியிடம் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. முதலிலேயே தயார் செய்து வைத்திருந்த வாக்கியங்கள் மூச்சிரைப்பில் முன்னும் பின்னுமாக வந்தன.

ஒரு கரை முடிந்து திருப்பம் வந்தது. அங்கே அவன் நின்றான்.

"இத எதுக்கு எங்கிட்ட சொல்லுறீக? எனக்குத்தான் தெரியுமே."

பைக்குள் கையை விட்டுப் புத்தகத்தைத் தொட்டுக்கொண்டேன்.

"மொத மாசம் நெனச்சேன், சொல்லிருவீகன்னு. ரெண்டாவது மாசமும் நெனச்சேன். அதான் வந்து வந்து பாத்தேன். அப்பறம் கடையில வேலை சரியாப் போச்சு." குரலில் கோபம் இல்லை. கோபமாக இருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "எங்க அத்தா மட்டும்தான். கருத்தா வேலை பாக்கத் தெரியாம தொலச்சுட்டு வந்துட்டான்னு வர்றவங்ககிட்டயெல்லாம் சொல்லுவாரு. மவுத்தாகுறவரைக்கும் அப்படித்தான் நெனச்சாரு. அவருகிட்ட சொல்லிருக்கலாம் நீங்க."

"முதலாளி..." என்றேன்.

"அவரும் போயிட்டாரே. ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். சாவுக்குப் போயிருந்தேன்.

பையிலிருந்து புத்தகத்தை எடுத்து நீட்டினேன். லா-7 பக்கத்தில் ஒரு தாளை அடையாளம் வைத்திருந்தேன். அவன் அந்தப் பக்கத்தைத் திறக்கவில்லை. நடுவில் எங்கோ விரித்தான். ஒரு இறக்கையின் ஓரமாக நகத்தை ஓட்டினான், மெதுவாக, முனை வரைக்கும். பிறகு மூடி என் கையிலேயே கொடுத்தான்.

"வச்சுக்க ஜமாலு. ஒனக்குத்தான் கொண்டாந்தேன்."

"பேரன் வந்தா கிழிச்சிருவான். ஒங்ககிட்டயே இருக்கட்டும்." மணியைப் பார்த்தான். "மருமக கடைக்குப் போகணும்னு சொன்னா. நான் வாரேன்."

போய்விட்டான். நான் குளத்தை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினேன். கால் நின்றால்தானே. அங்கிருந்து பஸ் பிடித்து, எதற்கு என்று தெரியாமலே மேலமாசி வீதியில் இறங்கி அந்தச் சந்துக்குள் போனேன். அச்சகம் இருந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிற கடை. வாசல் முழுக்கக் கவர்கள் சரம் சரமாகத் தொங்கின. கல்லாவில் ஒரு பெண் இருந்தாள்.

"என்ன மாடல் சார்?"

"இங்க ஒரு அச்சாபீஸ் இருந்துச்சும்மா."

"அப்படியா? நாங்க வந்து ஒம்போது வருஷமாச்சு. எங்களுக்கு முன்னாடி மருந்துக் கடைன்னாங்க." அவள் உள்பக்கம் திரும்பி யாரையோ கேட்டாள். "அண்ணே, இங்க அச்சாபீஸ் இருந்துச்சா?"

உள்ளேயிருந்து ஒருவர் தலையை நீட்டி என்னைப் பார்த்தார். "தெரியலயே. என்ன விஷயம் சார், யாருகிட்டயாவது ஏதாச்சும் சொல்லணுமா?"