இன்டர்னலும் இன்டர்ன்ஷிப்பும்

கடைசி செமஸ்டரில் எனக்குச் சென்னையில் இன்டர்ன்ஷிப் கிடைத்தது. சுற்றுலாவைப் பற்றி ஆராய்ந்து அறிக்கை எழுதும் சின்ன நிறுவனம். ஊட்டியில் இருந்த எங்கள் கல்லூரி அனுமதி கொடுத்தது. ஆனால் இரண்டு பாடங்களை ஆன்லைனில் கவனிக்க வேண்டும், இன்டர்னல் பரீட்சையை மட்டும் நேரில் வந்து எழுத வேண்டும் என்றார் துறைத்தலைவர். ஏதோ நான் பக்கத்துத் தெருவுக்குக் குடிபோவது போலச் சொன்னார்.

காலையில் அலுவலக மாடிப்படியில் உட்கார்ந்து ஒரு காதில் பாடம் கேட்பேன். மறு காது, உள்ளே யாராவது கூப்பிடுகிறார்களா என்று காவல் இருக்கும். கேமராவை ஆன் செய்தால் என் பின்னால் காலித் தண்ணீர்க் கேன்கள் வரிசையாகத் தெரியும். குடோனில் வேலையா என்று துறைத்தலைவர் எல்லார் முன்னாலும் விசாரித்தார்.

அலுவலகத்தில் வேறு கதை. நான் ஊட்டிப் பக்கத்து அரவேணுக்காரி என்று தெரிந்த நாளிலிருந்து, இயக்குநர் மேடத்துக்கு நான் ஒரு பெண் அல்ல, ஒரு மலை மாவட்டம். யானையா, தேயிலையா, எல்லாவற்றுக்கும் என் பக்கம் திரும்புவார். யானையை நான் பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன், அதுவும் பின்பக்கம்.

ஊட்டிக்குப் பக்கத்தில் பைக்காராவில் படகுச் சவாரிக்கு வருகிறவர்களிடம் கருத்துக் கேட்க மேடம் முடிவு செய்தபோது, எந்த நாள் சரிப்படும் என்று என்னையே கேட்டார். இன்டர்னல் இருந்த வெள்ளிக்கிழமையைச் சொன்னேன். மதியம் பரீட்சை என்பதையும் சொன்னேன். கெட்டிக்காரி என்று சிரித்தார். ஆபீஸ் செலவில் பரீட்சை எழுத வருகிறேன் என்று வீட்டுக்கு போன் போட்டுப் பீற்றிக்கொண்டேன். “சொட்டர் எடுத்துட்டு வா அம்மிணி” என்றதோடு அம்மா வைத்துவிட்டாள்.

அந்த வெள்ளி ஜீப்பில் மலையேறும்போது, கொண்டை ஊசி வளைவுகளில் மேடம் வளைவுக்கொரு சாமியைக் கூப்பிட்டார். பைக்காராவில் குளிரில் நடுங்கிக்கொண்டே, படகு அனுபவம் எப்படி என்று ஒரு புது மாப்பிள்ளையிடம் கேட்டார். “இன்னும் ஏறவே இல்லீங்களே” என்றார் அவர்.

மதியம் என்னைக் கல்லூரியில் இறக்கிவிட வந்த மேடம், பாத்ரூம் போக வேண்டும் என்று உள்ளே வந்தார். வராந்தாவில் துறைத்தலைவர் எதிர்ப்பட்டார். சென்னையிலிருந்து இயக்குநர் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. பாத்ரூமிலிருந்து வெளியே வந்த மேடத்துக்குப் பொன்னாடை காத்திருந்தது. பரீட்சையை அடுத்த வெள்ளிக்குத் தள்ளிவைத்து, எங்களை செமினார் ஹாலுக்கு ஓட்டினார்கள். மேடம் நேர மேலாண்மை பற்றிப் பேசினார். படிக்காமல் வந்திருந்த என் வகுப்பு முழுவதும் கைதட்டி ஓய்ந்தது. பேச்சுக்குத்தான் அந்தக் கைதட்டல் என்று மேடம் நம்பினார். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நானும் தட்டினேன்.

ஜீப்பில் ஏறிய பிறகுதான் வாய் திறந்தேன். “மேடம், நீங்க பேசுனதால என் பரீட்சை அடுத்த வெள்ளிக்குப் போயிருச்சுங்க.”

“அங்கேயே சொல்லியிருக்கலாமேம்மா.”

“அதுக்குள்ள பொன்னாடை போத்திட்டாங்களே, மேடம்.”

நான் கேட்காமலே மேடம் லீவு கொடுத்தார். அடுத்த வெள்ளி, ரயிலில் மேட்டுப்பாளையம் வந்து, பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடியே மலையேறிப் போய் எழுதினேன். பாஸானேன், பெருமைப்படும் அளவுக்கு இல்லை.

அறிக்கையில் பைக்காரா பகுதியை என்னையே எழுதச் சொன்னார்கள். அதில் மேடம் ஒரே ஒரு இடத்தைத் திருத்தினார். ‘குளிர் தாங்கவில்லை’ என்று இருந்ததை ‘இதமான தட்பவெப்பம்’ என்று மாற்றினார்.